நீட் ரிசல்ட் வரும் முன்பே மூடிவிடும் கதவுகள்... உங்கள் 'பிளான் பி' ரெடியா?

2025-ம் ஆண்டு நீட் ரிசல்ட் ஜூன் 14-ம் தேதி வெளியானது. அதே ஆண்டு தமிழ்நாடு பொறியியல் கலந்தாய்வுக்கு விண்ணப்பிக்க அறிவிக்கப்பட்ட கடைசித் தேதி, ஜூன் 6. நடுவில் எட்டு நாள்கள்.

இந்த எட்டு நாள்களைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

"முதல்ல நீட் ரிசல்ட் வரட்டும். வரலைன்னா அப்புறம் வேற ஏதாவது பார்த்துக்கலாம்." நீட் எழுதும் பிள்ளை இருக்கும் வீடுகளில் அடிக்கடி கேட்கும் வசனம் இது. சொல்பவருக்கு அது நிதானமான முடிவாகத் தெரியும். ஆனால், அந்த 'அப்புறம்' வரும்போது பல விண்ணப்பத் தளங்கள் மூடியிருக்கும். மார்க் வராதது ஒரு வலி என்றால், கையில் இருந்த மற்ற வாய்ப்புகளை ஃபார்ம் போடாமலேயே விட்டது இன்னொரு வலி. முதலாவது முழுக்க உங்கள் கையில் இல்லை. இரண்டாவது, முழுக்க உங்கள் கையில்தான் இருக்கிறது.

நீங்கள் பிளஸ் ஒன், பிளஸ் டூ படிக்கிறீர்களா, ரிப்பீட்டரா, இல்லை தம்பி தங்கைக்கு மொபைலில் ஃபார்ம் ஃபில் பண்ணிக்கொடுக்கும் அக்கா, அண்ணனா... யாராக இருந்தாலும் இதை முழுசாகப் படித்துவிட்டு சேவ் பண்ணி வைத்துக்கொள்ளுங்கள். மே மாதம் தேவைப்படும்.

'குவாலிஃபைடு' என்றால் சீட் இல்லை!

முதலில் நம்பர்களைப் பார்த்துவிடுவோம். 2025-ல் நாடு முழுக்க 22 லட்சத்துக்கும் அதிகமானோர் நீட் எழுதினார்கள். அதில் தகுதி பெற்றவர்கள் 12.36 லட்சம் பேர். எம்.பி.பி.எஸ் இடங்களோ அரசு, தனியார் எல்லாம் சேர்த்து 1.2 லட்சத்தை ஒட்டித்தான் இருக்கின்றன. அதாவது, 'தகுதி' பெற்றவர்களிலேயே சுமார் பத்தில் ஒருவருக்குத்தான் எம்.பி.பி.எஸ் இடம்.

இங்கேதான் பல குடும்பங்கள் குழம்பிப்போகின்றன. அந்த ஆண்டு பொதுப்பிரிவுக்கான தகுதி மதிப்பெண், 720-க்கு 144. அதாவது 20 சதவிகிதம். "பையன் நீட்ல பாஸ்" என்று சொந்தக்காரர்களுக்கெல்லாம் போன் போட்டுவிட்டு, கலந்தாய்வுப் பட்டியல் வந்த பிறகு அமைதியாகிவிடும் வீடுகள் உண்டு. தகுதி மதிப்பெண் உங்களை வரிசையில் நிற்க வைக்கும், அவ்வளவுதான். அரசுக் கல்லூரி இடத்துக்குத் தேவைப்படும் மார்க் அதைவிட மிக அதிகம். அதனால், நீங்கள் பார்க்க வேண்டியது தகுதி மதிப்பெண்ணை அல்ல. உங்கள் இட ஒதுக்கீட்டுப் பிரிவில், தமிழ்நாட்டில், கடந்த ஆண்டு கடைசியாக இடம் கிடைத்தவர் எடுத்த மார்க்கை. மாநிலத் தேர்வுக் குழு வெளியிடும் ரேங்க் பட்டியலையும் ஒதுக்கீட்டு விவரங்களையும் வைத்து இதைக் கண்டுபிடித்துவிடலாம்.

6-ம் வகுப்பிலிருந்து 12-ம் வகுப்பு வரை அரசுப் பள்ளியிலேயே படித்தவரா நீங்கள்? உங்களுக்கு 7.5 சதவிகித உள் ஒதுக்கீடு உண்டு. 2020-ல் இது மருத்துவத்துக்கு வந்தது. 2021-லிருந்து பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் போன்ற தொழிற்படிப்புகளுக்கும் நீட்டிக்கப்பட்டது. இந்த ஒதுக்கீட்டுக்கு ரேங்க் பட்டியலே தனி என்பதால் கட்-ஆஃபும் தனி. பொதுப் பட்டியலைப் பார்த்துப் பயந்துவிடாதீர்கள்.

நீட் தேவையா, இல்லையா என்ற விவாதம் 2017-லிருந்து தமிழ்நாட்டில் ஓயவில்லை. அது நடக்கட்டும், நடக்கவும் வேண்டும். ஆனால், அதற்காக உங்கள் பிளஸ் டூ ஆண்டு காத்திருக்காது.

பிளஸ் டூ மார்க்தான் இரண்டாவது சாவி

எம்.பி.பி.எஸ் சேர, பிளஸ் டூ-வில் இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றும் சேர்த்துப் பொதுப்பிரிவினர் 50 சதவிகிதம், இட ஒதுக்கீட்டுப் பிரிவினர் 40 சதவிகிதம் எடுத்தால் போதும். ரேங்க் முழுக்க நீட் மார்க்கில்தான். இந்த ஒரு விதிதான் பலரைக் கெடுத்துவிடுகிறது. "பிளஸ் டூ பாஸானா போதும், நீட்டை மட்டும் பார்" என்று சொல்லிவிடுகிறார்கள்.

ஆனால், தமிழ்நாட்டில் மற்ற பெரும்பாலான கதவுகளைத் திறப்பது பிளஸ் டூ மார்க்தான். பொறியியலுக்கான மாநில நுழைவுத்தேர்வு ரத்தாகிப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. வேளாண்மை, மீன்வளம், நர்சிங், பார்மசி, சட்டம், ஏன் மாநில ஒதுக்கீட்டில் கால்நடை மருத்துவத்துக்கும்கூட பிளஸ் டூ மார்க்தான் கணக்கு.

ஒரு மாணவியைக் கற்பனை செய்துகொள்வோம். பிளஸ் டூ-வில் இயற்பியல் 84, வேதியியல் 88, உயிரியல் 94, கணிதம் 80. கால்நடை மருத்துவத்துக்கு உயிரியல் 100-க்கும், இயற்பியலும் வேதியியலும் தலா 50-க்கும் கணக்கிடப்படும். அவருடைய கட்-ஆஃப் 94 + 42 + 44 = 180. பொறியியலுக்கு உயிரியல் இருக்கும் இடத்தில் கணிதம் வரும். அப்படியென்றால் 80 + 42 + 44 = 166. இதே மாணவி இயற்பியலிலும் வேதியியலிலும் தலா 10 மார்க் கூடுதலாக எடுத்திருந்தால், இரண்டு கட்-ஆஃபும் ஒரே நேரத்தில் 10 ஏறி 190, 176 ஆகியிருக்கும். கட்-ஆஃபில் அரை மார்க், ஒரு மார்க் வித்தியாசத்துக்கே ரேங்க் எவ்வளவு தாவும் என்று கலந்தாய்வுக்குப் போய்வந்த யாரையாவது கேட்டுப்பாருங்கள்.

நேரத்தையும் கொஞ்சம் கணக்குப் போடுங்கள். 2025-ல் பிளஸ் டூ தேர்வுகள் மார்ச் 25-ல் முடிந்தன. நீட் மே 4. நடுவில் 40 நாள்கள். ஜனவரி, பிப்ரவரி, மார்ச் மாதங்களைப் பள்ளித் தேர்வுக்கு முழுசாகக் கொடுத்தாலும், நீட்டுக்கென்றே ஒரு நாற்பது நாள் கிடைக்கிறது. பிளஸ் டூ-வுக்காகப் படிக்கும் இயற்பியலும் வேதியியலும் நீட்டுக்கு வீணும் இல்லை.

பிளஸ் ஒன்னில் குரூப் எடுக்கப்போறீங்களா? ஒரு நிமிஷம்!

பத்தாம் வகுப்பு முடித்தவர்களுக்கு இது. வாய்ப்புகள் குறைய ஆரம்பிப்பது பிளஸ் டூ-வில் இல்லை, குரூப் எடுக்கும் அன்றைக்கே. 'பயோ-மேத்ஸ்' எடுத்தால் கணிதம், இயற்பியல், வேதியியல், உயிரியல் நான்கும் இருக்கும். 'ப்யூர் சயின்ஸ்' எடுத்தால் தாவரவியல், விலங்கியல் தனித்தனியாக இருக்கும், கணிதம் இருக்காது. கணிதம் இல்லையென்றால் பொறியியல் கலந்தாய்வின் பிரதான படிப்புகள் எல்லாம் அன்றைக்கே கையைவிட்டுப் போய்விடும்.

கணிதம் உண்மையிலேயே வேப்பங்காயாகக் கசக்கிறது என்றால் ப்யூர் சயின்ஸ் எடுப்பதில் தப்பே இல்லை. வேளாண்மை, கால்நடை மருத்துவம், நர்சிங், பார்மசி எல்லாம் அதிலும் இருக்கின்றன. ஆனால், "நீட்டுக்கு மேத்ஸ் வேஸ்ட்" என்று யாரோ சொன்னதற்காக மட்டும் விடாதீர்கள். பயோமெடிக்கல் இன்ஜினீயரிங், பயோடெக்னாலஜி, டேட்டா சயின்ஸ் என்று பிளஸ் டூ-வுக்குப் பிறகு உங்களுக்குப் பிடிக்க வாய்ப்புள்ள பல படிப்புகள் கணிதத்துக்கு அந்தப் பக்கம்தான் இருக்கின்றன.

டாக்டர் கனவில் உங்களுக்குப் பிடித்தது எது?

லிஸ்ட்டைப் பார்க்கும் முன் உங்களிடமே ஒரு கேள்வி கேளுங்கள். டாக்டர் வேலையில் உங்களை இழுப்பது எது?

நோயாளிகளோடு நேரடியாக இருப்பதா? அப்படியென்றால் நர்சிங், பேச்சு மற்றும் செவித்திறன் சிகிச்சை, கண்ணொளியியல், சித்த மருத்துவம், யோகா-இயற்கை மருத்துவம், உளவியல் எல்லாம் உங்கள் ஏரியா.

உடம்பு எப்படி வேலை செய்கிறது, நோய் எப்படி வருகிறது என்ற அறிவியலா? அப்படியென்றால் உங்கள் இடம் கிளினிக் இல்லை, லேப். பயோடெக்னாலஜி, மைக்ரோபயாலஜி, ஐசர் போன்ற ஆராய்ச்சி நிறுவனங்களைப் பாருங்கள்.

ஆஸ்பத்திரியில் இருக்கும் மெஷின்களா? பயோமெடிக்கல் இன்ஜினீயரிங், ரேடியாலஜி, கதிரியக்க சிகிச்சைத் தொழில்நுட்பம் இருக்கின்றன. இதய அறுவை சிகிச்சையின்போது நோயாளியின் இதயமும் நுரையீரலும் செய்யும் வேலையை ஒரு மெஷின் ஏற்றுக்கொள்ளும். அதை இயக்குபவர் 'பெர்ஃபியூஷனிஸ்ட்'. அந்த வேலைக்கென்றே தனிப் பட்டப்படிப்பு இருப்பது பலருக்குத் தெரியாது.

விலங்குகள் பிடிக்குமா? கால்நடை மருத்துவரும் டாக்டர்தான்.

ஒருவேளை பதில், "வீட்ல சொன்னாங்க", "ஊர்ல மரியாதை" என்று வந்தால், அதையும் மறைக்காமல் எழுதி வையுங்கள். அது தப்பான காரணம் இல்லை. ஆனால், அந்த மரியாதைக்கும் நிலையான வேலைக்கும் வேறு வழிகளும் இருக்கின்றன என்பதைத் தெரிந்துகொண்டு முடிவெடுப்பது வேறு, தெரியாமல் எடுப்பது வேறு.

கதவுகள் லிஸ்ட்: நீட் மார்க் தேவைப்படும் படிப்புகள்

* எம்.பி.பி.எஸ்., பி.டி.எஸ். அரசு இடங்களில் 15 சதவிகிதம் அகில இந்திய ஒதுக்கீட்டுக்கும் 85 சதவிகிதம் மாநில ஒதுக்கீட்டுக்கும் போகும். இரண்டுக்கும் தனித்தனியாகப் பதிவு செய்ய வேண்டும்.

* சித்தா (பி.எஸ்.எம்.எஸ்.), ஆயுர்வேதம், யுனானி, ஹோமியோபதி. பாளையங்கோட்டையிலும் சென்னை அரும்பாக்கத்திலும் அரசு சித்த மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். எம்.பி.பி.எஸ்-ஸுக்கு விண்ணப்பித்தால் இதற்கும் சேர்த்து விண்ணப்பித்ததாக ஆகாது. இதை நடத்துவது இந்திய மருத்துவம் மற்றும் ஓமியோபதித் துறை. விண்ணப்பம் தனி, கலந்தாய்வும் தனி.

* கால்நடை மருத்துவத்தில் அகில இந்திய ஒதுக்கீட்டு இடங்கள் 15 சதவிகிதம். இதற்கு மட்டும் நீட் மார்க்.

* புதுச்சேரி ஜிப்மரில் பி.எஸ்சி நர்சிங் மற்றும் துணை மருத்துவப் படிப்புகள்.

* பெண்களுக்கான ராணுவ நர்சிங் பட்டப்படிப்பு.

ஆக, எம்.பி.பி.எஸ் கிடைக்காத நீட் மார்க்கும் குப்பை இல்லை. அது வேறு சில கதவுகளுக்கான டிக்கெட்.

கதவுகள் லிஸ்ட்: பிளஸ் டூ மார்க் போதும்

* கால்நடை மருத்துவம் (பி.வி.எஸ்சி. & ஏ.ஹெச்.): மாநில ஒதுக்கீட்டு இடங்கள். தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் நடத்துகிறது. சென்னை வேப்பேரி, நாமக்கல், திருநெல்வேலி, ஒரத்தநாடு உட்பட பல இடங்களில் கல்லூரிகள் இருக்கின்றன. இன்டர்ன்ஷிப்போடு சேர்த்து ஐந்தரை ஆண்டுகள். போட்டி கடுமை, கட்-ஆஃப் எகிறும். இதே பல்கலைக்கழகத்தில் உணவு, பால்வளம், கோழியினம் சார்ந்த பி.டெக். படிப்புகளும் உண்டு.

* வேளாண்மை: கோவை தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் வேளாண்மை, தோட்டக்கலை, மேட்டுப்பாளையத்தில் வனவியல் எனப் பல பட்டப்படிப்புகள்.

* மீன்வளம்: நாகப்பட்டினத்தைத் தலைமையிடமாகக் கொண்ட மீன்வளப் பல்கலைக்கழகத்தில் பி.எஃப்.எஸ்சி. தூத்துக்குடியில் இருக்கும் மீன்வளக் கல்லூரி இதற்குப் பெயர்போனது.

* நர்சிங், பார்மசி, துணை மருத்துவம்: பி.எஸ்சி நர்சிங் நான்கு ஆண்டுகள். பி.பார்ம். நான்கு ஆண்டுகள், பார்ம்.டி. ஆறு ஆண்டுகள். இவற்றோடு ரேடியாலஜி, டயாலிசிஸ், ஆபரேஷன் தியேட்டர் மற்றும் மயக்கவியல் தொழில்நுட்பம், விபத்து மற்றும் அவசர சிகிச்சைத் தொழில்நுட்பம், கண்ணொளியியல் என நீளமான பட்டியல் உண்டு. மருத்துவக் கல்வி இயக்குநரகத்தின் தேர்வுக் குழுதான் இவற்றுக்கும் கலந்தாய்வு நடத்துகிறது. பிசியோதெரபி, ஆக்குபேஷனல் தெரபி படிப்புகளில் நீட்டைக் கொண்டுவரும் முயற்சி தேசிய அளவில் நடப்பதால், இவற்றில் சேர நினைப்பவர்கள் அந்தந்த ஆண்டின் தகவல் குறிப்பேட்டைப் படித்துவிட்டே முடிவெடுக்க வேண்டும்.

* யோகா மற்றும் இயற்கை மருத்துவம் (பி.என்.ஒய்.எஸ்.): ஐந்தரை ஆண்டுப் படிப்பு. தமிழ்நாட்டில் பிளஸ் டூ மார்க் அடிப்படையில் சேர்க்கை நடந்து வருகிறது.

* பொறியியல்: பயோமெடிக்கல், பயோடெக்னாலஜி, உணவுத் தொழில்நுட்பம் ஆகியவை உயிரியல் பிடித்தவர்களுக்கு நெருக்கமானவை.

* அரசு கலை அறிவியல் கல்லூரிகள்: விலங்கியல், மைக்ரோபயாலஜி, உயிர்வேதியியல், உளவியல். பட்டம் முடித்து பொதுச் சுகாதாரம், மருத்துவமனை நிர்வாகம், தடய அறிவியல், மருத்துவ சமூகப் பணி என்று முதுநிலையில் மருத்துவத் துறைக்குள் நுழையலாம்.

* சட்டம்: பிளஸ் டூ-வில் எந்த குரூப் படித்திருந்தாலும் ஐந்தாண்டு சட்டப் படிப்புக்கு விண்ணப்பிக்கலாம்.

வேறு நுழைவுத்தேர்வு எழுதத் தயாரா?

ஐசர் நிறுவனங்கள் நாட்டில் ஏழு இடங்களில் இருக்கின்றன. நமக்குப் பக்கத்தில் திருப்பதி, திருவனந்தபுரம். ஐந்தாண்டு பி.எஸ்-எம்.எஸ். படிப்புக்கு ஐ.ஏ.டி. என்ற தேர்வு எழுத வேண்டும். இயற்பியல், வேதியியல், உயிரியல், கணிதம் நான்கிலும் தலா 15 கேள்விகள். நீட்டுக்குப் படித்தவர்களுக்கு இதில் நான்கில் மூன்று பங்கு பழகிய பாடம்தான். 2025-ல் இந்தத் தேர்வு மே 25-ல் நடந்தது. அதாவது, நீட் முடிந்து சரியாக மூன்று வாரம். விண்ணப்பம் மட்டும் மார்ச், ஏப்ரலிலேயே போட்டிருக்க வேண்டும்.

இன்னொன்று, க்யூட். திருவாரூரில் இருக்கும் தமிழ்நாடு மத்தியப் பல்கலைக்கழகம் உட்பட நாடு முழுக்க மத்தியப் பல்கலைக்கழகங்களில் இளநிலைப் படிப்புகளுக்கான தேர்வு. வேளாண்மைப் பல்கலைக்கழகங்களின் அகில இந்திய ஒதுக்கீட்டு இடங்களுக்கும் இந்த மார்க்கைத்தான் பார்க்கிறார்கள்.

எப்போ என்ன செய்யணும்? ஒரு காலண்டர்

செப்டம்பர் - டிசம்பர்: சாதிச் சான்றிதழ், இருப்பிடச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், தகுதி இருந்தால் முதல் தலைமுறை பட்டதாரிச் சான்றிதழ். எல்லாவற்றையும் இ-சேவை மூலம் இப்போதே வாங்கிவிடுங்கள். மே மாதம் ஊரே இ-சேவை மையத்தில் நிற்கும். ஆதாரில் இருக்கும் பெயர், இனிஷியல், பிறந்த தேதி பள்ளிச் சான்றிதழோடு பொருந்துகிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

பிப்ரவரி - மார்ச்: நீட் விண்ணப்பம். 2025-ல் பிப்ரவரி 7 முதல் மார்ச் 7 வரை. க்யூட், ஐ.ஏ.டி. விண்ணப்பங்களும் இதை ஒட்டியே வரும். பிளஸ் டூ தேர்வு டென்ஷனில் தவறவிடுவது இந்த இரண்டைத்தான். மொபைலில் ரிமைண்டர் வையுங்கள்.

மே: மிக முக்கியமான மாதம். 2025-ல் பொறியியல் விண்ணப்பம் மே 7-ல் தொடங்கியது, பிளஸ் டூ ரிசல்ட் மே 8-ல் வந்தது. வேளாண்மை, கால்நடை மருத்துவம், அரசு கலை அறிவியல் கல்லூரி விண்ணப்பங்களும் மே மாதத்திலேயே தொடங்கிவிட்டன. நீட் எழுதிய களைப்பில் ஒரு வாரம் நன்றாகத் தூங்குங்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து எல்லா ஃபார்மையும் போட்டுவிடுங்கள்.

ஜூன்: நீட் ரிசல்ட். நர்சிங், துணை மருத்துவப் படிப்புகளுக்கான அறிவிப்பை இந்த மாதத்திலிருந்து கவனியுங்கள்.

ஜூலைக்குப் பிறகு: கலந்தாய்வுகள். இங்கே ஒரு எச்சரிக்கை. நீட் பக்கம் தேதிகள் எப்போது வேண்டுமானாலும் தள்ளிப்போகலாம். 2020, 2021-ல் கொரோனாவால் தேர்வே செப்டம்பரில்தான் நடந்தது. 2024-ல் வினாத்தாள் சர்ச்சை, வழக்குகள் எல்லாம் முடிந்து அகில இந்தியக் கலந்தாய்வு ஆகஸ்டில்தான் தொடங்கியது. அதுவரை மற்ற கல்லூரிகள் உங்களுக்காகக் காத்திருக்கவில்லை.

செலவு எவ்வளவு ஆகும் என்ற கவலை இருக்கும். உதாரணத்துக்கு, பொறியியல் கலந்தாய்வுப் பதிவுக் கட்டணம் 500 ரூபாய், பட்டியலினத்தவருக்கும் பழங்குடியினருக்கும் 250 ரூபாய். எல்லாக் கதவையும் தட்ட வேண்டியதில்லை. உங்களுக்குப் பொருந்தும் மூன்று, நான்கைத் தேர்ந்தெடுங்கள்.

தேதியைத் தவறவிட்டவர்களுக்கு வழியே இல்லையா? பொறியியலில் கடைசியாகத் துணைக் கலந்தாய்வு நடக்கும். அரசு கலைக் கல்லூரிகளில் காலியிடங்கள் இருக்கும். ஆனால், நல்ல கல்லூரியும் விரும்பிய பிரிவும் அதற்குள் பெரும்பாலும் நிரம்பியிருக்கும்.

'சேர்ந்துட்டு அப்புறம் எம்.பி.பி.எஸ் கிடைச்சா?'

இந்தப் பயத்தில்தான் பலர் வேறு எதிலும் சேராமல் வீட்டிலேயே இருந்துவிடுகிறார்கள். தாராளமாகச் சேருங்கள். எம்.பி.பி.எஸ் இடம் கிடைத்தால் மாறிக்கொள்ளலாம். சேரும் முன் கல்லூரியில் மூன்று விஷயங்களைக் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். எந்தத் தேதிக்குள் விலகினால் கட்டணம் திரும்பக் கிடைக்கும், எவ்வளவு பிடிப்பார்கள், ஒரிஜினல் சான்றிதழ்கள் யாரிடம் இருக்கும்? மாணவர்களின் ஒரிஜினல் சான்றிதழ்களைக் கல்லூரிகள் பிடித்து வைக்கக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018-லேயே அறிவித்திருக்கிறது. சான்றிதழ்களை ஸ்கேன் செய்து, நான்கைந்து செட் ஜெராக்ஸ் எடுத்து வைத்துக்கொள்வதும் நல்லது.

ரிப்பீட் பண்ணலாமா?

இன்னொரு முறை எழுதுவது அவமானம் இல்லை. நீட்டுக்கு இத்தனை முறைதான் என்ற எண்ணிக்கை வரம்பும் இல்லை, அதிகபட்ச வயது வரம்பும் இப்போது இல்லை. விதியே கோடு போடாததால், அந்தக் கோட்டை நீங்கள்தான் போட வேண்டும். முடிவெடுக்கும் முன் மூன்று கேள்விகள்.

ஒன்று, மார்க் எங்கே போனது? நீட்டில் உயிரியலுக்கு 360, இயற்பியலுக்கு 180, வேதியியலுக்கு 180. உயிரியலில் 300 எடுத்துவிட்டு இயற்பியலில் 30-ல் நின்றிருந்தால், ஓட்டை எங்கே என்று தெரிகிறது. ஒரு வருஷம் உட்கார்ந்தால் அடைக்கலாம். ஒரு வருஷம் முழுநேரமாகப் படித்தும் மூன்று பாடங்களும் ஒரே மாதிரி நடுவில் நின்றிருந்தால், அதே முறையில் இன்னொரு வருஷம் என்பது வேறு பலன் தருமா என்று யோசியுங்கள்.

இரண்டு, வீட்டில் பணம் எங்கிருந்து வருகிறது? கோச்சிங் ஃபீஸ் மட்டும் இல்லை, ஹாஸ்டல், சாப்பாடு, டெஸ்ட் சீரிஸ், போக்குவரத்து எல்லாம் சேர்த்து எழுதிப் பாருங்கள். அம்மாவின் நகை அடகுக்குப் போகிறதா, அடுத்துப் படிக்க வேண்டிய தம்பி இருக்கிறானா என்பதெல்லாம் அந்தக் கணக்கில் வர வேண்டும்.

மூன்று, உங்கள் மனசு எப்படி இருக்கிறது? தூக்கம், சாப்பாடு, நண்பர்களோடு பேசுவது எல்லாம் குறைந்துபோய், புத்தகத்தைத் திறந்தாலே படபடப்பு வருகிறதென்றால், இன்னொரு வருஷத்தை முடிவு செய்யும் முன் முதலில் அதைச் சரி செய்ய வேண்டும்.

மூன்றுக்கும் தெம்பான பதில் இருந்தால் ரிப்பீட் பண்ணுங்கள். ஆனால், "இந்த மார்க் வரவில்லையென்றால் இந்தப் படிப்பில் சேர்கிறேன்" என்று ஆரம்பத்திலேயே எழுதி, வீட்டில் ஒருவரிடம் காட்டிவிடுங்கள். அடுத்த ஜூனில், மனசு உடைந்திருக்கும் நேரத்தில், அந்த முடிவைப் புதிதாக எடுக்க வேண்டியிருக்காது. இந்த ஆண்டும் மற்ற ஃபார்ம்களைப் போட மறக்காதீர்கள். ரிப்பீட்டருக்கும் பிளஸ் டூ மார்க் செல்லும்.

பணம் கட்டினால் சீட், பறந்துபோனால் டாக்டர்?

ஜூன் மாதம் உங்கள் போனுக்கு நிறைய அழைப்புகள் வரும். "கம்மி மார்க்கா? கவலைப்படாதீங்க, நாங்க பார்த்துக்கறோம்" என்பார்கள். தமிழ்நாட்டுத் தனியார் கல்லூரிகளில் நிர்வாக ஒதுக்கீட்டு எம்.பி.பி.எஸ் கட்டணம் ஆண்டுக்கே 10 லட்சத்தைத் தாண்டும். அந்த இடங்களும் கலந்தாய்வு மூலம்தான் நிரப்பப்படுகின்றன. கலந்தாய்வுக்கு வெளியே சீட் வாங்கித் தருவதாகச் சொல்லும் யாரிடமும் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

வெளிநாடு போகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ளுங்கள். நீட்டில் தகுதி பெறாமல் வெளிநாட்டில் எம்.பி.பி.எஸ் படித்தால், இங்கே டாக்டராகப் பதிவு செய்ய முடியாது. 2021-ல் வந்த விதிகளின்படி படிப்பு குறைந்தது 54 மாதங்கள் இருக்க வேண்டும், ஆங்கிலத்தில் நடத்தப்பட வேண்டும், அங்கேயே 12 மாதங்கள் இன்டர்ன்ஷிப் முடிக்க வேண்டும். திரும்பி வந்த பிறகு இங்கே ஒரு தகுதித்தேர்வு, பிறகு இங்கே ஓர் இன்டர்ன்ஷிப். அந்தத் தகுதித்தேர்வு எளிதானதல்ல. ஏஜென்ட் காட்டும் வீடியோவில் இதெல்லாம் வராது.

வீட்ல எப்படிச் சொல்றது?

"வேற கோர்ஸ் பத்திப் பேசினாலே அப்பா கோவப்படுறார்" என்பவர்கள் அதிகம். 'பிளான் பி' என்ற வார்த்தையையே எடுக்காதீர்கள். அது வீட்டில் பலருக்கு, "நீ தோத்துடுவேன்னு முடிவு பண்ணிட்டியா?" என்றுதான் கேட்கும். வேலையைச் சொல்லுங்கள்.

"அப்பா, நான் நீட்டை விடல. நல்லாத்தான் படிக்கிறேன். வெட்னரிக்கும் அக்ரிக்கும் ஃபார்ம் போடணும், நீட் ரிசல்ட்டுக்குக் காத்திருந்தா தேதி போயிடும். வருமானச் சான்றிதழ் வாங்க நீங்க ஒருநாள் வரணும்."

இப்படிக் கேட்டால் அது விவாதம் இல்லை, ஒரு வேலை. பெரும்பாலான அப்பாக்கள் வேலையைச் செய்துவிடுவார்கள்.

'வேறு வழி யோசித்தால் நீட்டில் கவனம் சிதறும்' என்ற வாதமும் வரும். ஃபார்ம் போட ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். அதைப் போடாமல் விட்டுவிட்டு, "இது போச்சுன்னா எல்லாம் போச்சு" என்ற பயத்தோடு தேர்வு ஹாலில் 180 நிமிஷம் உட்கார்வதில்தான் கவனம் அதிகம் சிதறும்.

அக்கா, அண்ணன், சித்தி, மாமாக்களுக்கும் ஒரு வேண்டுகோள். ரிசல்ட் அன்றைக்கு "எத்தனை மார்க்?" என்று கேட்காதீர்கள். "சாப்டியா?" என்று கேளுங்கள். போதும்.

மனசு ரொம்ப பாரமாக இருந்தால், வாழ்வதே வேண்டாம் என்பது மாதிரி எண்ணங்கள் வந்தால், தனியாக இருக்காதீர்கள். பக்கத்தில் இருக்கும் யாரிடமாவது அதை அப்படியே சொல்லுங்கள். 14416 என்ற டெலி-மானஸ் எண்ணிலும், தமிழ்நாடு அரசின் 104 எண்ணிலும் இலவசமாகப் பேசலாம். எந்தப் படிப்பில் சேரலாம் என்ற சந்தேகங்களுக்குப் பள்ளிக் கல்வித் துறையின் 14417 இருக்கிறது.

இன்றைக்கே ஒரு பேப்பர்

ஒரு வெள்ளைத்தாளை எடுங்கள். முதல் வரியில் எம்.பி.பி.எஸ் என்றே எழுதுங்கள், அது அங்கேயே இருக்கட்டும். அதன் கீழே, மேலே இருக்கும் லிஸ்ட்டிலிருந்து உங்களுக்குப் பிடித்த மூன்று படிப்புகள். ஒவ்வொன்றுக்கும் எதிரே எந்தத் தளத்தில் விண்ணப்பிக்க வேண்டும், போன வருஷம் எப்போது தொடங்கி எப்போது முடிந்தது, என்னென்ன சான்றிதழ் வேண்டும் என்று எழுதுங்கள். தேதிகள் ஆண்டுக்கு ஆண்டு கொஞ்சம் முன்பின் நகரும் என்பதால், போன வருஷத் தேதிக்கு ஒரு வாரம் முன்பிருந்தே அதிகாரபூர்வத் தளங்களைப் பாருங்கள்.

அந்தத் தாளை போட்டோ எடுத்து ஃபேமிலி குரூப்பில் போட்டுவிட்டு, ஒரிஜினலை உங்கள் படிப்பு மேஜைக்கு எதிரே ஒட்டுங்கள். பிறகு, விட்ட இடத்திலிருந்து இயற்பியல் புத்தகத்தைத் திறங்கள். ஆல் தி பெஸ்ட்!